பிள்ளைகளுக்குத் தேனீயை நேரில் காட்டிக் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஊருணிக்கரை எழுதியது (ஐப்பசி):

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 8 முதல் 13 வயது வரையுள்ள 14 பிள்ளைகள் எங்கள் வீட்டு முகப்பில் கூடுவார்கள். கதை படிப்போம், சில நாள் கண்மாய்க்கரை வரை நடந்துபோய், கண்ணில் பட்ட செடியையும் பறவையையும் எழுதி வைப்போம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் மாடி விளிம்புக்கு அடியில் முறம் அளவுக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. இரண்டு மாதம் அதனால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு மாலையில் பையன்கள் சிலர் கல்லெறிந்தார்கள். வழியில் போன இருவரைத் தேனீக்கள் கொட்டின. அன்றிரவே பனையோலைப் பந்தம் கட்டிக் கூட்டைக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் செத்துக் கிடந்தவற்றைப் பெருக்கி அள்ளினோம். என்னிடம் வரும் ஒரு சிறுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்று, “டீச்சர், விட்டிருந்தால் அதுங்களே போயிருக்காதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஓர் எண்ணம். படத்தையும் காணொளியையும் காட்டுவதோடு நிற்காமல், பிள்ளைகள் தாங்களே பார்த்து, எண்ணி, தொட்டு அறிந்துகொள்ளும்படி ஒரு தேனீப் பெட்டி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பெற்றோர் அஞ்சுகிறார்கள்; உண்மையைச் சொன்னால் எனக்கும் அச்சம் உண்டு. எந்தத் தேனீ பிள்ளைகளுக்கு ஏற்றது, சித்திரை வெயிலில் தீய்ந்துபோகும் நம் செம்மண் காட்டில் அதற்குப் போதிய பூ கிடைக்குமா, எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது என்பதைப் பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முந்திரித்தோப்பு எழுதியது:

அம்மா, வணக்கம். குன்றக்குடிக்குத் தெற்கே ஒரு தோப்பில் 12 பெட்டிகள் வைத்திருக்கிறேன். அந்தச் சிறுமியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போயிருக்கும். நீங்கள் சொல்வது மலைத்தேனீ. திறந்த வெளியில் ஒற்றைத் தேனடையாகக் கூடு கட்டும் இனம் அது. பூக்காலம் முடிந்ததும் அடையை விட்டுக் கூட்டமாக இடம்பெயர்வது அதன் இயல்பு. தெருவிளக்கோ மாடி விளக்கோ பக்கத்தில் எரிந்தால் இரவில் சில தேனீக்கள் விளக்கைத் தேடி வந்து விழும். விளக்கை அணைத்தாலே பாதித் தொல்லை தீரும். கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற மக்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு தேன்கூட்டுக்காகச் சில வாரம் பொறுத்திருக்க நம்மாலும் முடியும். ஆனால் பிள்ளைகளைப் பாடத்துக்காக மலைத்தேனீயின் அருகே அழைத்துப் போகவே கூடாது. அது ஒன்று கொட்டினால் நூறு தொடரும்.

பெட்டியில் வளர்க்க ஏற்றது இந்தியத் தேனீ. மரப்பொந்து, சுவர்ப்பொந்து, பாழ்கிணற்று இடுக்கு போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழும் இனம் இது. பெட்டிக்குள் குடியிருக்க இசைவதும் அதனால்தான். நம் பக்கத்தில் பெரும்பாலோர் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. 1910களில் திருச்சிப் பகுதியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்தது அது. ராணி முட்டையிட்டுப் புழு வளரும் கீழ்ப்பகுதியான புழு அறையில், தேனீ அடை கட்டுவதற்கான 7 மரச் சட்டங்கள் இருக்கும். சிறிய பெட்டி என்பதால் பத்து வயதுப் பிள்ளை கூட ஒரு சட்டத்தை இரு கையால் தாங்கிப் பிடிக்க முடியும்.

ஆனால் இப்போது பெட்டி வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீ வெளியே போக முடியாது. உள்ளே இருக்கும் தேனைத் தின்றுகொண்டு, அதுவும் தீர்ந்தால் நாம் வைக்கும் சர்க்கரைப் பாகை நம்பியிருக்கும். தையில் தொடங்குங்கள். பூ கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரைப் பார்த்தால் காய்ந்த காடாகத்தான் தெரியும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தைக்குப் பிறகு முந்திரி, மாசி பங்குனியில் நாவலும் புங்கமும் வேம்பும், அதன்பின் புளி, இடையில் எங்காவது எள் விதைத்த கொல்லை, ஆண்டு முழுவதும் தென்னை, கொல்லைப்புறத்து முருங்கை என்று கணக்கிட்டால் வைகாசி வரை ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் பஞ்சம். தேனீக் குடும்பத்தை, அதாவது ராணியோடு கூடிய கூட்டத்தை, வாங்கும்போது பக்கத்து ஊரில் வளர்ப்பவரிடம் வாங்குங்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்கள் ரப்பர் மரத்தின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்புக்கும் அங்குள்ள ஈரக்காற்றுக்கும் பழகியவை. இங்கே கொண்டுவந்து நான் இரண்டு முறை இழந்திருக்கிறேன். குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது நடக்கிறது என்று கேட்டு, முதலில் நீங்கள் போய்வாருங்கள், பிள்ளைகள் பிறகு.

தை வரை உள்ள இரண்டரை மாதம் வீண் என்று எண்ண வேண்டாம். பெட்டி இல்லாமலே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. என் கருத்தில் அவைதாம் முதல் பாடம். உங்கள் கண்மாய்க்கரையில் வேலிக்கருவைப் புதரில் கொம்புத் தேனீ கட்டாயம் இருக்கும். ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை கட்டியிருக்கும். எறும்பு ஏறாமலிருக்க அந்தக் குச்சியின் இரு பக்கமும் பிசின் பூசி வைத்திருக்கும். நான்கு மீட்டர் தள்ளி, நிழல் கூட்டின் மேல் விழாமல் உட்கார்ந்து, தொலைநோக்கி ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பூ கண்டுவந்த தேனீ மற்றவற்றுக்கு ஆடி வழி சொல்வதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். பெட்டித் தேனீ அந்த ஆட்டத்தை இருட்டுக்குள், செங்குத்தான அடையின் மேல் ஆடுகிறது. சூரியன் இருக்கும் திசையை ‘மேலே’ என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து எத்தனை பாகை விலகிப் போக வேண்டும் என்று காட்டுகிறது. கொம்புத் தேனீயோ அடையின் உச்சியில், குச்சியை ஒட்டிய மட்டமான மேடையில், வெட்டவெளியில் ஆடுகிறது. பூ இருக்கும் பக்கத்தையே நேராகச் சுட்டுகிறது. ஆடும் திசையில் பிள்ளைகள் நடந்து போனால் பூத்த மரம் எது என்று கண்டுபிடித்துவிடலாம். என் அண்ணன் மகள் அப்படி ஒரு முறை, சுவருக்கு அப்பால் பூத்திருந்த முருங்கையைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் அடைந்த மகிழ்ச்சி ஒரு பாட்டில் தேன் கொடுத்தாலும் வந்திருக்காது.

இன்னொன்று நிறச் சோதனை. தேனீயின் ஆட்டத்துக்குப் பொருள் கண்டதற்காக 1973ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் இளவயதில் செய்தது இது. நம் வீட்டு முற்றத்திலும் செய்யலாம். நீல அட்டை ஒன்றின் மேல் சர்க்கரை நீர்க் கிண்ணம் வைத்து இரண்டு நாள் பழக்க வேண்டும். மூன்றாம் நாள் கிண்ணத்தை எடுத்துவிட்டு, புதிய நீல அட்டையைச் சாம்பல் நிற அட்டைகள் பலவற்றுக்கு நடுவில் இடம் மாற்றி வைத்தால், தேனீ நீலத்தையே தேடி வரும். அதையே சிவப்பு அட்டையில் பழக்கிவிட்டுப் பார்த்தால், சிவப்பையும் கருஞ்சாம்பலையும் பிரித்தறியாமல் தடுமாறும். சிவப்பு அதன் கண்ணுக்கு நிறமாகத் தெரிவதில்லை. ஓர் எச்சரிக்கை: பிற்பாடு பெட்டி வந்துவிட்டால் சர்க்கரை நீரை அதன் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். அயல்கூட்டத் தேனீக்களும் எறும்பும் வாசம் பிடித்து வந்து பெட்டியையே கொள்ளையடிக்கும்.

பெட்டி வந்த பிறகு முதல் மூன்று வாரம் திறக்கவே கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, 5 நிமிடத்தில் காலில் பூந்தூள் உருண்டையோடு எத்தனை தேனீ உள்ளே போகிறது என்று எண்ணி, நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதட்டும். என்ன நிறத் தூள் என்பதையும் குறிக்கட்டும். எந்தப் பூவின் தூள் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஊரில் பூத்த பூக்களையெல்லாம் வெள்ளைத் தாளில் தேய்த்து, நிறத்தோடு நிறம் ஒப்பிட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். புழுவுக்கு உணவு பூந்தூள்தான். அது நிறைய உள்ளே போனால் ராணி முட்டையிடுகிறது, குடும்பம் பெருகுகிறது என்று பொருள். திறக்காமலே பெட்டியின் உடல்நிலையை அறியும் வழி இது.

திறப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைக் கையில் செய்துதான் பழக வேண்டும். காலை 8 மணிக்கு மேல் 10 மணிக்குள், வெயில் உள்ள நாளில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மிகாமல், ஒரு நேரத்தில் 3 பிள்ளைகள். வெளிர் நிறச் சட்டை, முகவலை, முழுக்கை. நறுமண எண்ணெயும் பவுடரும் வேண்டாம். அன்று காலையில் வாழைப்பழமும் வேண்டாம், தேனீ கொட்டும்போது மற்றவற்றை அழைக்க விடும் வாசம் வாழைப்பழ வாசத்தை ஒத்தது. தேங்காய் நாரில் புகை போட்டால் அந்த அழைப்பு வாசம் மறைந்துபோகும். சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே, நட்டக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்துப் பார்க்க ஆசை வரும். நம் வெயிலில் புது அடை இளகி, ராணியோடு சேர்ந்து மடியில் விழும்.

நீருக்கு அகலமான மண்சட்டி ஒன்றில் உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் துண்டுகளைப் போட்டு வையுங்கள். தேனீ கல்லில் நின்று நீர் எடுக்கும், மூழ்காது. புழு வளரும் இடத்தை 35 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, வெளியே 40 பாகை வெயில் அடிக்கும்போது அது நீர் கொண்டுவந்து அடையில் பூசிச் சிறகால் விசிறும். பெட்டியைத் தாங்கும் கால்களின் அடியில் எறும்புக் கிண்ணம் வைத்து, அதில் எப்போதும் நீர் நிற்க வேண்டும். இதை ஏதோ கடைசிக் குறிப்பு என்று படித்துவிட்டுப் போகாதீர்கள். உறவில் ஒரு திருமணத்துக்கு நான்கு நாள் போய்விட்டு வந்தேன். கிண்ணம் வற்றிப்போய், இரண்டு பெட்டிகளில் எறும்புதான் குடியிருந்தது.

இரண்டாங்கட்டு எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். மேலே எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான். ஆனால் பெட்டி, புகை, முகவலை என்று இத்தனை ஏற்பாட்டையும் பார்த்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு 71 வயது ஆகிறது. எங்கள் வீட்டில் வளவு என்னும் நடு முற்றத்துப் பகுதியிலிருந்து அடுத்த கட்டான இரண்டாங்கட்டுக்குப் போகும் தேக்கு நிலையின் மேல் இடுக்கில் கொசுத்தேனீ இருக்கிறது. எங்கள் அப்பத்தா மணமாகி வந்த நாளிலும் அது அங்கே இருந்ததாம். பிசினும் மெழுகும் கலந்து விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டியிருக்கும். அதன் வாயில் நான்கைந்து காவல் நிற்கும். மாலையானதும் உள்ளே போய்விடும். அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. மிகவும் சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். வெள்ளையடிக்க வருபவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

போன கோடை விடுமுறைக்கு வந்த என் பேரனும் பேத்தியும் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, நாள் முழுவதும் அந்தக் குழாயைத்தான் பார்த்தார்கள். குழாயின் வாயில் ஒரு துளி வேப்பம்பிசின் தடவி வைத்தார்கள். மறுநாள் அதைத் தேனீ எடுத்துக்கொண்டுவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லை, ஒரு கொட்டும் இல்லை. நம் பழைய வீடுகளில் பத்தில் ஒன்றிலாவது இது இருக்கும். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் வாங்க வேண்டும்?

முந்திரித்தோப்பு எழுதியது:

ஆயா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. நான் எழுதியதில் கொசுத்தேனீயை விட்டது என் பிழை. பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் நிலைக்குள் இருக்கும் கூட்டில் பிள்ளைகள் வாசலை மட்டுமே பார்க்க முடியும். முட்டை எது, புழு எது, மூடிய அறை எது, வெளியே வரும்போது மெழுகு மூடியைக் கடித்துக்கொண்டு தலை நீட்டும் புதுத் தேனீ எப்படி இருக்கும் என்பதையெல்லாம் காண உள்ளே பார்த்தாக வேண்டும். ஒரு முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிக்கொடுப்பது வேறு. ஒரே சட்டத்தை மூன்று ஞாயிறு தொடர்ந்து பார்த்தவன் அதை அறிவது வேறு.

இதைப் படிப்பவர்கள் யாரும் கொசுத்தேனீக்காகச் சுவரையோ நிலையையோ பெயர்க்கக் கூடாது. பெயர்த்தெடுத்த கூடு பெரும்பாலும் பிழைப்பதில்லை, அதிலிருந்து கிடைக்கும் தேனும் ஒரு குவளைக்கு மேல் தேறாது. சிறு மரப்பெட்டியிலோ மூங்கிலிலோ வளர்ப்பவரிடம் வாங்கி, மூடிக்கு அடியில் கண்ணாடித் தகடு ஒன்றைப் பொருத்திவிட்டால் உள்ளே திராட்சைக் கொத்துப் போன்ற புழு அறைகளையும் தேன் குடங்களையும் பார்க்கலாம். பார்த்ததும் மூடியை மூடிவிட வேண்டும்.

வெள்ளை அங்கி எழுதியது:

காரைக்குடியில் மருத்துவம் பார்க்கிறேன். தேனீ கொட்டியவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு எந்த மருந்தும் தேவைப்படுவதில்லை. ஆனால் ஆசிரியை அவர்கள் பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதால் சிலவற்றை எழுதியே ஆக வேண்டும்.

தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. கொட்டியதும் அது நஞ்சுப்பையோடு தோலில் தங்கிவிடும், தேனீ பறந்த பிறகும் அந்தப் பை சுருங்கிச் சுருங்கி நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். ஆகவே உடனே எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று வாதிட்டுக்கொண்டு நிற்பதைவிட, எப்படியாவது முதல் சில நொடிகளில் எடுப்பதே மேல். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வையுங்கள். வீக்கமும் அரிப்பும் ஓரிரு நாள் இருக்கும். சுண்ணாம்பு தடவுவது நம் ஊர் வழக்கம். அதைத் தேடி ஓடுவதில் கொடுக்கை எடுக்க மறந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

அஞ்ச வேண்டிய அறிகுறிகள் வேறு. கொட்டிய இடத்தை விட்டு உடலெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். அதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசி, அது மருத்துவமனையில்தான் கிடைக்கும். முன்பு கொட்டியபோது இப்படி ஆனதுண்டா, மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உண்டா என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உண்டு என்று சொல்லும் வீட்டுப் பிள்ளை கொசுத்தேனீயைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், அல்லது பல கொட்டு பட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் கொண்டுவாருங்கள். மலைத்தேனீ துரத்தினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அருகிலுள்ள வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். கண்மாய்க்குள் குதிக்கக் கூடாது, தலையை வெளியே எடுக்கும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

இறுதியாக ஒன்று, இது தேனீ கொட்டுவதைப் பற்றியது அன்று. பிள்ளைகள் தங்கள் கையால் எடுத்த தேனை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெருமையோடு அதன் நாவிலும் தடவுவார்கள். பிறந்த குழந்தையின் நாவில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தூய தேனிலும் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் அந்தக் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். பாட்டிலில் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

சரளைமண் எழுதியது:

எல்லாம் சரி, விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இரண்டு பெட்டி வைத்து, படம் எடுத்து, செய்தியும் வந்தது. மே மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் திறந்தபோது பல்லி இருந்தது. ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்: எறும்புக் கிண்ணத்துக்கு நீர் ஊற்றுவது யார் வேலை?

ஊருணிக்கரை எழுதியது (வைகாசி):

நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையன்று என்பதால் ஏழு மாதம் கழித்து மீண்டும் எழுதுகிறேன். மழைக்காலம் முழுவதும் கொம்புத் தேனீயைப் பார்த்தோம். அட்டைச் சோதனையில் நீலம் பலித்தது. சிவப்புக்கு முன்பே கிண்ணத்தை அணில் கவிழ்த்துவிட்டது. தை மாதம் இந்தியத் தேனீக் குடும்பம் ஒன்றைப் பெட்டியோடு வாங்கி, எங்கள் வீட்டின் வடக்குச் சுவரோரம், நாள் முழுவதும் நிழல் விழும் இடத்தில் வைத்தோம். மூன்று வாரம் திறக்கவில்லை. நீர் ஊற்றும் பொறுப்பை இருவர் இருவராகப் பிரித்து, நோட்டில் கையொப்பமிடச் செய்தேன். மாசியிலும் பங்குனியிலும் எட்டு முறை திறந்தோம். ஒரு பையனை ஒரே ஒரு தேனீ புறங்கையில் கொட்டியது. பக்கத்தில் நின்றவள் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள், அவன் அழவில்லை. பங்குனிக் கடைசியில் பெட்டியின் மேல்பகுதியான தேன் அறையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடுத்தோம். முன்பு அஞ்சிய பெற்றோரில் ஐந்து பேர் அன்றைக்கு வந்து நின்றார்கள். பாட்டில்களில் சீட்டும் ஒட்டினோம்.

சித்திரை கடைசி வாரம் பெட்டி காலியாகிவிட்டது. சென்ற ஞாயிறன்று போய்ப் பார்த்தபோது வாசலில் ஒரு தேனீயும் இல்லை. உள்ளே அடைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் புழுவும் இல்லை, தேனும் இல்லை. கடைசி இரண்டு நாள் எறும்புக் கிண்ணத்துக்கான கட்டத்தில் கையொப்பம் இல்லை. அந்த முறைக்குரிய இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இருவரும் இப்போது என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார்கள். குற்றம் அவர்களுடையதுதானா?

முந்திரித்தோப்பு எழுதியது:

அம்மா, நோட்டில் இன்னொரு கட்டம் இருக்குமே, பூந்தூள் எண்ணிக்கை. சித்திரை முதல் வாரத்திலிருந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். செத்த புழு ஏதாவது அறைக்குள் நீர் நிறைந்த பை போல நீண்டு கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னாட்டுப் பெட்டிகளையெல்லாம் காலி செய்த பைப்புழு நோயின் அடையாளம் அது.

ஊருணிக்கரை எழுதியது:

செத்த புழு எதுவும் இல்லை. பூந்தூள் எண்ணிக்கை பங்குனியில் 5 நிமிடத்துக்கு 20க்குக் குறையாமல் இருந்திருக்கிறது. சித்திரை 5ஆம் நாள் 11. 9ஆம் நாள் 6. 14ஆம் நாளுக்குப் பிறகு ஒன்று, இரண்டு, அல்லது இல்லை. பிள்ளைகள் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்க்காமல் இருந்தவள் நான்தான்.

முந்திரித்தோப்பு எழுதியது:

அப்படியானால் அந்த இரு பிள்ளைகளையும் கூப்பிட்டு, நோட்டைக் காட்டி, நீங்கள் காரணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எறும்பு விரட்டியிருந்தால் புழுவும் தேனும் அரைகுறையாகக் கிடந்திருக்கும். இது திட்டமிட்டுப் போன கூட்டம். போவதென்று முடிவு செய்த இந்தியத் தேனீ புதிதாகப் புழு வளர்ப்பதை நிறுத்தி, இருக்கும் புழுக்கள் வெளிவரும்வரை பொறுத்திருந்து, தேனையும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் கிளம்பும். கிண்ணம் வற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிட்டது.

காரணம் வடக்குச் சுவர் என்று நினைக்கிறேன். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரோரம் நாள் முழுவதும் நிழல் விழும். நம் ஊருக்குச் சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆடி வரை வடக்கே நிற்கிறது. நீங்கள் நிழலென்று வைத்த இடத்தில் இப்போது காலையும் மாலையும் வெயில் அடிக்கும். நாளை காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பிள்ளைகளைவிட்டு அங்கே ஒரு குச்சி நட்டு நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். தோப்புக்குள் வைத்திருப்பவனுக்குச் சுவர் நினைவுக்கு வருவதில்லை.

அடைகளைப் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். பத்து நாளில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, வெள்ளை நூலாம்படையாக்கிவிடும். நல்ல அடை இரண்டை மட்டும் வெள்ளைத் துணியில் இறுகக் கட்டிக் குளிர்பெட்டியின் உறை அறையில் இரண்டு நாள் வைத்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மீதியை வெந்நீரில் உருக்கி வடிகட்டினால் மெழுகு கிடைக்கும். பிள்ளைகளே செய்யலாம், அடுப்பருகே மட்டும் நீங்கள் நில்லுங்கள். பெட்டியையும் சட்டங்களையும் கழுவி ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவைத்து, உட்புறம் அந்த மெழுகைத் தேய்த்து வையுங்கள். வேம்பின் அடியில், கிளை அடர்ந்த பக்கமாக இடம் பாருங்கள். தை பிறந்ததும் என் தோப்பிலிருந்து ஒரு குடும்பம் தருகிறேன். வந்து தூக்கிப்போக அந்த இருவரையும் கூட்டிவாருங்கள்.